யேயூர்க் காட்டில் ஒரு நாள்

மும்பைப் பக்கம் காடு இருக்கிறது என்றால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். திருநெல்வேலியில் இருந்து வந்த என் மாமாவும் நம்பவில்லை. "கட்டடக் காடுன்னு சொல்லு" என்று சிரித்தார்.

ஆனால் காடு இருக்கிறது. தாணே ஸ்டேஷனில் யேயூர் பஸ் ஏற வேண்டும். பஸ் மலைமேல் வளைந்து வளைந்து ஏறும். ஒரு மணி நேரத்துக்குள் காட்டு வாசலில் இறங்கிவிடலாம்.

எங்கள் மாலை வகுப்பில் படிப்பவர்கள் ஒன்பது பேர். புரட்டாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து அந்தக் காட்டைப் பார்க்கப் போனோம். சைக்கிளில் இட்லி விற்கும் அண்ணாச்சி வந்தார். ஒரு தூக்குவாளி நிறைய இட்லி கொண்டு வந்தார். வீட்டு வேலை செய்யும் பெரியம்மாவும் வந்தார். அவர் குடியிருப்பது மலையடிவாரத்தில். பஸ் ஏறும்போதே அவர் முணுமுணுத்தார்.

"காட்டைப் பாக்க நான் எதுக்கு பஸ் ஏறணும் பிள்ளே? காடுதான் என் வீட்டுக்கு வருதே!"

மூன்று மாதம் முன்பு அவர் தெருவில் ஒரு நாயைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போனது. அன்றில் இருந்து இருட்டினால் பேத்தியை வெளியே விடுவதில்லை. "அதைப் பிடிச்சு எங்கேயாவது தூரமா விட்டா என்ன?" என்பது அவர் கேள்வி. அந்தக் கேள்வியோடுதான் அவர் காட்டுக்கே வந்தார்.

வனத்துறையில் முன்னதாகவே அனுமதி வாங்கியிருந்தோம். அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. வழி காட்ட ஒரு வார்லி இளைஞர் வந்தார். வார்லிகள் இந்தக் காட்டின் பழங்குடி மக்கள். மண் சுவரில் அரிசி மாவால் வெள்ளைப் படம் வரைவார்களே, அவர்கள்தான். அந்தத் தம்பி மராத்தியில் பேசினார். எங்களில் எல்லோருக்கும் மராத்தி புரியும். பேசத் தெரிந்த மொழி ஒன்று, எழுதக் கற்கும் மொழி ஒன்று என்பது நம் வாழ்க்கை.

இந்தக் காட்டின் பெயர் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. பூங்கா என்றதும் பூச்செடியும் ஊஞ்சலும் நினைக்க வேண்டாம். இது 104 சதுர கிலோ மீட்டர் காடு. ஒரு பக்க வாசல் போரிவலியில் இருக்கிறது. மறுபக்கம் தாணேயின் யேயூர். நான்கு புறமும் கோடிக்கணக்கான மக்கள். நடுவில் இந்தக் காடு.

உள்ளே நுழைந்ததும் குளிர்ந்தது. மழை நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது. ஆனாலும் மரத்தில் இருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. பாறை எல்லாம் பாசி. மரக்கிளையில்கூடச் செடி முளைத்திருந்தது.

"இதுதான் மழைக்காடா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

இல்லை. பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் இது இலையுதிர் காடு. இங்கே ஆண்டுக்கு 2000 மில்லி மீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அது நிறைய மழைதான். ஆனால் அநேகமாக எல்லாம் ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு எட்டு மாதம் காய்ச்சல். மரம் என்ன செய்யும்? இலை வழியாகத்தான் மரத்தின் நீர் ஆவியாகப் போகிறது. அதனால் இலையையே உதிர்த்துவிடுகிறது. கோடையில் வந்தால் இதே காடு மொட்டையாக நிற்கும்.

உண்மையான மழைக்காடு எங்கே இருக்கிறது தெரியுமா? நம் ஊர்ப் பக்கம்தான்! தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலையில் இருக்கிறது. வால்பாறையைச் சுற்றி இருக்கிறது. அங்கே தென்மேற்குப் பருவக்காற்றும் மழை தரும், வடகிழக்குப் பருவக்காற்றும் தரும். வறண்ட மாதங்கள் குறைவு. அதனால் இலை ஒட்டுமொத்தமாக உதிராது. ஆண்டு முழுவதும் பச்சை. உயர்ந்த மரங்கள் மேலே கூரை போட்டது போல நிற்கும். அதற்குக் கீழே இன்னொரு அடுக்கு மரம். அதற்கும் கீழே புதர். தரைக்கு வெயில் கொஞ்சம்தான் வரும். சிங்கவால் குரங்கு அந்த மேல் அடுக்கிலேயே தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறு எங்கும் காட்டில் அந்தக் குரங்கு கிடையாது. இருவாச்சிப் பறவையும் அங்கே உண்டு. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். சின்னத் துளை மட்டும் விடும். ஆண் பறவை பழம் கொண்டு வந்து அந்தத் துளை வழியே ஊட்டும்.

"குத்தாலத்துல குளிச்சிருக்கேன். இதெல்லாம் எனக்குத் தெரியாதே" என்றார் அண்ணாச்சி. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. புத்தகத்தில் படித்த பிறகுதான் தெரிந்தது.

பாதையின் குறுக்கே ஒரு பெரிய வலை. வெயில் பட்டு மஞ்சளாக மின்னியது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சிலந்தி. "இது பெண்" என்றார் வார்லித் தம்பி. ஆண் எங்கே? வலை ஓரத்தில் கடுகு போல ஒன்று ஒட்டியிருந்தது. அதுதான் வீட்டுக்காரர். மெல்ல மெல்லத்தான் பக்கத்தில் போவாராம். அவசரப்பட்டால் இரையாகிவிடுவார். பெண்கள் எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்துச் சிரித்தார்கள்.

தம்பி ஒரு இளம் தேக்கு இலையைக் கையில் கசக்கினார். கை மருதாணி போலச் சிவந்தது. அடுத்து ஒரு செடியைக் காட்டினார். மலைச்சரிவு முழுக்க ஆள் உயரத்துக்கு அதுதான் நின்றது. அதன் பெயர் கார்வி. வார்லிகள் இதன் தண்டை வரிசையாகக் கட்டி, மேலே மண்ணும் சாணமும் பூசி வீட்டுச் சுவர் எழுப்புவார்கள். கார்வி எட்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் ஒட்டுமொத்தமாகப் பூக்கும். 2016-ல் இந்த மலைகளில் அப்படிப் பூத்தது. பூத்து விதை விட்டதும் செடி காய்ந்துவிடும். கொடைக்கானலில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கார்வி அதன் பங்காளிதான். இரண்டும் ஒரே பேரினம்.

கொஞ்ச தூரத்தில் ஒரு மரக்கிளையில் காய்ந்த இலை தொங்குவது போலத் தெரிந்தது. அது இலை இல்லை, அந்துப்பூச்சி. அட்லஸ் அந்து என்று பெயர். இறக்கையை விரித்தால் ஒரு சாண் அகலத்துக்கு மேல் இருக்கும். இறக்கை நுனியைப் பார்த்தால் பாம்புத் தலை மாதிரி இருக்கிறது. பறவையைப் பயமுறுத்த அந்த வேடம். இதற்குச் சாப்பிட வாய் கிடையாது! புழுவாக இருந்தபோது தின்று சேர்த்த கொழுப்பை வைத்துச் சில நாட்கள் வாழும். ஜோடி சேரும், முட்டையிடும், இறந்துவிடும்.

"வாயில்லா ஜீவன்னா இதுதான்" என்றார் பெரியம்மா. அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார்.

பத்து மணிக்கு இட்லி சாப்பிட உட்கார்ந்தோம். மூடியைத் திறந்ததுதான் தாமதம். மரத்தில் இருந்து குரங்கு இறங்கியது. நான்கு இட்லி போனது. பிளாஸ்டிக் பையும் போனது. நாங்கள் சிரித்தோம். தம்பி சிரிக்கவில்லை. குரங்கின் பின்னாலேயே போய், அது கீழே போட்ட பையை எடுத்து வந்தார். "மான் இதைத் தின்றால் வயிற்றில் அடைத்துக்கொள்ளும்" என்றார். அண்ணாச்சிக்கு வெட்கமாகிவிட்டது. திரும்பும்போது வழியில் கிடந்த பைகளையும் சேர்த்துத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டார்.

சாப்பிட்டுவிட்டு ஓர் ஓடைக்கரைக்குப் போனோம். மேலே மழை பெய்கிறது. மரத்தில் விழுந்து, இலையில் இறங்கி, தரையில் மக்கிய சருகில் ஊறுகிறது. சருகு பஞ்சு மாதிரி. நீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அதனால்தான் மழை நின்ற பிறகும் ஓடை ஓடுகிறது. மொட்டை மலையாக இருந்தால் மண்ணை அரித்துக்கொண்டு ஒரே பாய்ச்சலில் வந்துவிடும்.

இந்தக் காட்டின் மும்பைப் பக்கத்தில் விஹார், துளசி என்று இரண்டு ஏரிகள் உள்ளன. 1850-களில் பம்பாயில் குடிக்கத் தண்ணீர் இல்லை. கிணறும் குளமும் வற்றின. அதனால் 1860-ல் விஹார் ஏரியைக் கட்டி முடித்தார்கள். 1879-ல் துளசி வந்தது. அந்த இரண்டு ஏரித் தண்ணீரும் இன்றும் நகரத்துக்குப் போகிறது. இன்றைய மும்பைக்கு அது போதாது. பெரும் பகுதி தொலைவில் உள்ள பாட்சா, வைதர்ணா, தான்சா ஏரிகளில் இருந்து வருகிறது. விஹார் நிரம்பி வழியும் தண்ணீர் எங்கே போகிறது? அதுதான் மித்தி ஆறு. குர்லா வழியாகத் தாராவி ஓரமாகப் போய் மாஹிமில் கடலில் சேருகிறது. தாராவியில் நாம் நாலா என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டுகிறோமே, அது பிறக்கும் இடம் இந்தக் காடு! 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை பெய்தது. அன்று மித்தி கரை மீறியது. குப்பையாலும் கட்டடத்தாலும் ஆற்றைக் குறுக்கியிருந்தோம். வெள்ளம் போக வழி இல்லை. பழையவர்கள் அந்த இரவை இன்றும் சொல்வார்கள்.

ஓடைக்கரையில் ஒரு மரத்தில் சின்னப் பெட்டி கட்டியிருந்தது. எதிர் மரத்திலும் ஒன்று. "இது என்ன, மின்சார மீட்டரா?" என்று கேட்டார் பெரியம்மா.

அது கேமரா. எந்த விலங்கு நடுவே கடந்தாலும் தானாகப் படம் எடுக்கும். ஒவ்வொரு சிறுத்தையின் புள்ளியும் வேறு வேறு. ஒன்றைப் போல மற்றொன்று இருக்காது. நம் கைநாட்டு மாதிரி. வலப்பக்கப் புள்ளி வேறு, இடப்பக்கப் புள்ளி வேறு. அதனால்தான் இரண்டு பக்கமும் கேமரா. 2015-ல் இப்படி எண்ணியபோது 35 சிறுத்தைகள் இருந்தன. பிறகு எடுத்த கணக்குகளில் இன்னும் கூடியிருக்கிறது.

"அதுவும் நம்மளை மாதிரி கைநாட்டுதானா!" என்றார் பெரியம்மா. பிறகு விடாமல் தன் கேள்வியைக் கேட்டார். "பிடிச்சு வேற எங்கயாவது விட்டா என்ன?"

தம்பி ஓர் கல்லில் உட்கார்ந்து பதில் சொன்னார். முன்பு அப்படித்தான் செய்தார்கள். ஊர்ப்பக்கம் வந்த சிறுத்தையைக் கூண்டு வைத்துப் பிடித்தார்கள். வேறு மாவட்டத்துச் சிறுத்தைகளையும் இந்தக் காட்டில் கொண்டு வந்து விட்டார்கள். 2002 முதல் 2004 வரை இந்தக் காட்டைச் சுற்றிப் பலர் சிறுத்தையால் இறந்தார்கள். அதில் குழந்தைகள் அதிகம். பிறகுதான் ஆராய்ச்சி செய்பவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். புது இடத்தில் விட்ட சிறுத்தைக்கு அந்த இடம் தெரியாது. தன் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். வழியில் மனிதர்கள். அது மிரளும், தாக்கும். இங்கே காலியான இடத்துக்கோ இன்னொரு சிறுத்தை வந்துவிடும்.

"ஆமா" என்றார் பெரியம்மா. "சால்ல ஒரு ரூம் காலியானா மறுநாளே வேற குடித்தனம் வருதுல்ல."

எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரியாது.

சிறுத்தை காட்டில் மான், குரங்கு, பன்றி தின்னும். நாயும் தின்னும். தெருவில் குப்பை கொட்டினால் நாய் சேரும். நாய் சேர்ந்தால் சிறுத்தை வரும். அதற்கு மனிதன் மேல் பகை இல்லை. ஆனால் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஆள், அதிலும் குழந்தை, இருட்டில் சிறு விலங்கு போலத் தெரியும். அதனால்தான் வெளியே ஒதுங்கப் போகும்போது ஆபத்து அதிகம். இரவில் பிள்ளைகளைத் தனியே அனுப்பக் கூடாது. இரண்டு மூன்று பேராகப் போக வேண்டும். டார்ச் வேண்டும், சத்தமாகப் பேச வேண்டும். எதிரே சிறுத்தை வந்துவிட்டால் ஓடக் கூடாது, குனியக் கூடாது. நேராக நின்று மெல்லப் பின்னால் நகர வேண்டும். குடியிருப்புக்குள் வந்துவிட்டால் கூட்டம் போட்டுக் கல்லெறியக் கூடாது. அது தப்பிக்க வழி விட வேண்டும். வனத்துறைக்கு 1926 என்ற எண்ணில் போன் செய்யலாம்.

வார்லிகள் வாக்தேவ் என்று புலியையும் சிறுத்தையையும் கும்பிடுகிறார்கள். "பயம் இல்லையா?" என்று கேட்டேன். "பயம் உண்டு" என்றார் தம்பி. "அதனால்தான் கும்பிடுகிறோம்."

பெரியம்மா முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லாம் சரி தம்பி. எங்க தெருவில லைட்டு எரியலை. குப்பை வண்டி வாரத்துக்கு ஒரு தடவைதான் வருது. கக்கூசுக்கு அரை பர்லாங் நடக்கணும். இதையும் சிறுத்தைகிட்டயா சொல்ல?" என்றார். தம்பியிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அடுத்த வாரம் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து வார்டு ஆபீசுக்கு ஒரு மனு எழுதுவது என்று பஸ்ஸிலேயே முடிவானது.

மறுநாள் நான் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். கதவில் சாக்பீஸால் பால் கணக்கு எழுதியிருந்தார். அதற்கு மேலே பெரிதாக 1962 என்று இருந்தது.

"இது என்ன பெரியம்மா?"

"காட்டு ஆபீஸ் நம்பர்."

நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் ஒரு முறை உற்றுப் பார்த்தார். சேலை முந்தானையால் கடைசி இரண்டு எண்ணையும் துடைத்தார். மாற்றி எழுதினார்.