ஊசி போடும் நாள்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா, நெப்ராஸ்கா பக்கம் கறிக்காக மாடு வளர்ப்பவர்கள் கிடேரிகளைப் பரந்த மேய்ச்சல் வெளியில் விட்டுவிடுவார்கள். அவற்றை ஓட்டிவந்து, இரும்புத் தடுப்புக்குள் ஒவ்வொன்றாக நுழைத்துக் கழுத்தைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாடு. பிடித்த கையோடு சினை ஊசியும் தடுப்பூசியும் போட்டுவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். அங்கேதான் தவறு நேர்கிறது.

அந்தத் தடுப்பூசி பெரும்பாலும் ஐபிஆர் நோய்க்கானது. மாட்டு ஹெர்பிஸ் வைரஸால் வரும் இந்த நோயில் மூக்கு சிவந்து ஒழுகும். சினை மாட்டுக்கு வந்தால் கன்று வீசிவிடும். கன்றைக் காக்கப் போடும் ஊசிதான். ஆனால் அதன் ஒரு வகையில் இருப்பது வீரியம் குறைத்த, உயிருள்ள வைரஸ்.

கருமுட்டை வெளியேறியதும், சினைப்பையில் அது இருந்த இடத்தில் சிறு நெல்லிக்காய் அளவில் ஒரு திசு திரள்கிறது. பழுப்பு கலந்த மஞ்சள் நிறம். பெயர் கார்பஸ் லூட்டியம். அது சுரக்கும் புரோஜெஸ்டிரான்தான் கருவைத் தாங்கிப் பிடிக்கிறது. இந்த வைரஸை முன்பின் அறியாத கிடேரியின் உடலில், ஊசியில் போன வைரஸ் சினைப்பை வரை சென்று பெருகி அந்தத் திசுவை அழுகச் செய்துவிடக்கூடும். சுரப்பு நின்றால் கரு தங்காது. அயோவா மாநிலம் ஏம்ஸில் 1980களில் ஆய்வாளர்கள், கருவூட்டிய 14ஆம் நாள் கிடேரிகளுக்குத் தடுப்பூசி வைரஸைச் செலுத்தி, சினை நிற்காமல் போவதை நேரிலேயே கண்டார்கள்.

கிடேரி மறுபடி பருவத்துக்கு வரும்போது பழி விந்துக்குச்சி மேல் விழும். ஊசியை யார் நினைப்பார்கள்? அடுத்த பருவம் சுமார் 21 நாள் கழித்துத்தான். அப்போது பிடிக்கும் கன்றும் அத்தனை நாள் பிந்திப் பிறக்கும். கூட்டத்தோடு விற்கும் நாளில் எடை குறைந்து நிற்கும்.

எனவே கருவூட்டலுக்குக் குறைந்தது 30 நாள், முடிந்தால் 45 முதல் 60 நாள் முன்பே ஊசியை முடித்துவிட வேண்டும். முன்பே எதிர்ப்புச் சக்தி பெற்ற பசுக்களுக்கு ஆபத்து குறைவு. செயலிழக்கச் செய்த வைரஸ் ஊசியில் இந்தத் தொல்லை பெரிதாக இல்லை.

நம்மூரில் கன்று வீச்சு நோய்க்குப் போடும் எஸ்-19 ஊசியிலும் நாள் கணக்கு உண்டு. அதில் இருப்பது உயிருள்ள புருசெல்லா பாக்டீரியா. சினை மாட்டுக்குப் போட்டால் அதுவே கன்றை வீசச் செய்துவிடலாம். காளைக் கன்றுக்குப் போட்டால் விரை வீங்கலாம். அதனால்தான் 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும், 4 முதல் 8 மாத வயதுக்குள், ஒரே முறை போடுகிறார்கள்.