கோப்பெங்கின் ஈயமும் கடலும்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள கோப்பெங்கில் நின்றால் கடல் தெரியாது. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், பக்கத்தில் சுண்ணாம்புக் குன்றுகள், ஈயலம்பங்கள் (ஈயச் சுரங்கங்கள்) மூடியபின் நீர் நிறைந்த குட்டைகள். ஆனாலும் இந்த வட்டாரத்தின் பழைய காலத்தைத் தேடினாலும் சப்பான்காரன் ஆண்ட காலத்தைத் தேடினாலும், வழி கடற்கரையில்தான் போய் முடிகிறது. அதற்குக் காரணம் காலடி மண்ணில் இருக்கிறது.

சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்கடியில் உருகிய பாறைக்குழம்பு இங்கிருந்த சுண்ணாம்புப் பாறைக்குள் புகுந்து, மெல்லக் குளிர்ந்து கருங்கல்லானது. கடைசியில் மிஞ்சிய கொதிநீர், வெடிப்புகளில் கேசிட்டரைட் என்ற கரிய ஈயக்கனிமத்தைப் படியவைத்தது. பிறகு யுகக்கணக்கில் மழை. கருங்கல் சிதைந்து களிமண்ணும் மணலுமாயிற்று, கேசிட்டரைட் அசையவில்லை. நீரைவிட ஏறக்குறைய 7 மடங்கு கனம் அதற்கு. சாதாரண மணலுக்கோ இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். வெள்ளம் மணலை அடித்துச் செல்ல, ஈயமணல் மலையடியிலேயே தங்கிச் சுண்ணாம்புப் பாறையின் குழிகளை நிரப்பியது. துலாங் தட்டில் அலசிய பெண்களும், பாலோங் என்ற நீண்ட மரத்தாரையில் சேற்றை ஓடவிட்ட தொழிலாளர்களும் நம்பியது இந்த எடை வேறுபாட்டைத்தான்.

ஈயம் கிடைத்த இடத்திலிருந்து ஆறே சாலையானது. கம்பார் ஆறு கிந்தாவில் சேர்கிறது; கிந்தா, பேராக் ஆற்றில் கலந்து மலாக்கா நீரிணையை அடைகிறது. அந்த நீரிணைக்கு அப்பால் வெண்கலம் வார்த்த நாடுகள் இருந்தன. செம்போடு சேர்க்க இந்த ஈயம், அதாவது வெள்ளீயம், வேண்டும். தமிழகத்து மண்ணில் அது சொல்லும்படி இல்லை. 9, 10ஆம் நூற்றாண்டு அரபு எழுத்தாளர்கள் இந்தத் தீபகற்பத்தின் ஈயத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்தை, இன்றைய கெடாவை, தாக்கியதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. நீரிணை வாணிகத்தின் மேல் கைவைக்க நினைத்தவன் ஈயத்தை மறந்திருப்பான் என்று என்னால் நம்ப முடியவில்லை.

கப்பலில் போனது ஈயம் என்றால், திரும்பி வந்தது என்ன? 1936இல் கோப்பெங்கிற்குத் தெற்கே பீடோரில், ஈயம் தோண்டியவர்கள் எட்டுக் கைகள் கொண்ட போதிசத்துவர் அவலோகிதேசுவரரின் வெண்கலச் சிலையைக் கண்டெடுத்தார்கள். 79 செ.மீ. உயரம். இன்று அது கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுங்கை சிப்புட் அருகே ஜாலோங்கில் கிடைத்த முனிவர் வெண்கலத்தை அகத்தியர் என்று சொல்வோரும் உண்டு. ஈயத்தைத் தேடி மண்ணை வெட்டியதால்தான் பீடோர் சிலை வெளியே வந்தது. ஆற்றுமண் மூடிக் காத்ததை லம்பத் தொழிலாளியின் கை மீட்டது. இந்தக் கண்டெடுப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

சுமார் ஆயிரம் ஆண்டுகள் கழித்து, அதே ஆற்றுவழியில் சப்பானியப் படை வந்தது. 1941 டிசம்பர் இறுதியில் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் கோப்பெங் வழியாகப் பின்வாங்கிக் கம்பாரில் நின்றன. ஏன் கம்பார்? ஒரு பக்கம் காடு அடர்ந்த பூஜாங் மலாக்கா மலை. மறுபக்கம் ஈயம் எடுத்துப் பொட்டலாகிப்போன லம்பவெளி. பீரங்கிக்கு மறைவின்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் தெரிந்தது. டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை சப்பானியரால் அந்த அரணை உடைக்க முடியவில்லை. கடைசி நாளில் கேப்டன் ஜான் கிரஹாம் தலைமையில் சீக்கியச் சிப்பாய்கள் துப்பாக்கிமுனைக் கத்தியோடு பாய்ந்து இழந்த பதுங்குகுழிகளை மீட்டார்கள். பலர் மாண்டார்கள், கிரஹாமும் காயத்தால் இறந்தார்.

அவ்வளவு உயிரும் கொடுத்துக் காத்த இடத்தை அன்றிரவே விட்டுவிட நேர்ந்தது. சப்பானியர் படகுகளில் வந்து தெலுக் ஆன்சனில், இன்றைய தெலுக் இந்தானில், கரையேறிவிட்டார்கள். கம்பாருக்குப் பின்னால் இருந்த சாலை அறுபடும் நிலை. மலையில் தோற்காதவர்கள் தண்ணீரால் தோற்றார்கள்.

அடுத்து அதே பேராக் கரைக்கு எதிர்த்தரப்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 1943 மே மாதம் முதல் டச்சு நீர்மூழ்கிகள், பிரிட்டிஷ் ரகசியப் படையான ஃபோர்ஸ் 136 படையினரைப் பங்கோர் பக்கம் கொண்டுவந்து இறக்கின. அப்படி வந்தவர்களில் ஒருவரான லிம் போ செங், 1944இல் கோப்பெங் அருகே சாலைச் சோதனையில் பிடிபட்டார். வதைக்கப்பட்டும் தோழர்களைக் காட்டிக்கொடுக்காமல், ஜூன் 29 அன்று பத்து காஜா சிறையில் இறந்தார். கடற்கரைத் தொடர்பு அறுந்துபோனதால் காட்டுக்குள் இருந்த ஃபோர்ஸ் 136 படையினர் தனித்துவிடப்பட்டார்கள்; இலங்கையிலிருந்த தலைமையகத்தோடு வானொலியில் அவர்களால் பேச முடிந்தது 1945 தொடக்கத்தில்தான்.