கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேனர்

2008 ஜனவரியில் நியூயார்க்கில் ஒரு விசித்திரமான புகார் செய்தியானது. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நிறுத்திய கார்களுக்கு ரிமோட் சாவி வேலை செய்யவில்லையாம். சந்தேகம் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் ஒலிபரப்பு ஆன்டெனாக்கள் மீது விழுந்தது. அது சரியோ தப்போ, அந்த வட்டாரத்தில் ரேடியோ ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

விமானி பேசுவது, தீயணைப்பு வண்டி பேசுவது, ரயில்காரர் பேசுவது என்று ஒவ்வொரு அலைவரிசையாகத் தாவித் தேடிக் கேட்கும் ரேடியோதான் ஸ்கேனர். அமெரிக்காவில் இது பழைய பொழுதுபோக்கு. வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது உணர்திறனை. 0.3 மைக்ரோவோல்ட் சிக்னலைக்கூடப் பிடிக்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தால் மனசு குளிர்ந்துவிடும். கோபுரத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கோ, பயன் மிகக் குறைந்த எண் அதுதான்.

கணக்கைப் பாருங்கள். எம்பயர் ஸ்டேட் உச்சியில் உள்ள பண்பலை நிலையம் ஒன்றின் கதிர்வீச்சுத் திறன் சுமார் 6 கிலோவாட். ஒரு கிலோமீட்டர் தள்ளி, தடையில்லாமல் ஆன்டெனா தெரியும் ஜன்னலில், அந்த ஒரு நிலையத்தின் புல வலிமையே மீட்டருக்கு அரை வோல்ட் வரை போகலாம். சாதாரண ஆன்டெனா வழியாக உள்ளே நுழைவது கால் வோல்ட். நாம் கேட்க நினைப்பதோ மைக்ரோவோல்ட் அளவில். மின்னழுத்தத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு, அதாவது 120 டெசிபல் வித்தியாசம். அப்படிப்பட்ட நிலையங்கள் அங்கே பத்துக்கு மேல்.

இவ்வளவு வலிமை உள்ளே வந்தால் முன்வரிசைப் பெருக்கி திணறும். ஒன்று, காது அடைத்துப்போய் மெல்லிய சிக்னல்கள் மறையும். இரண்டாவது இன்னும் வேடிக்கை: வலுவான அலைகள் கருவிக்குள்ளேயே ஒன்றோடொன்று கலந்து, வானத்தில் இல்லாத அலைகளைப் பெற்றெடுக்கும். நியூயார்க்கில் 107.5, 106.7, 95.5 மெகாஹெர்ட்ஸில் மூன்று பண்பலை நிலையங்கள் இருக்கின்றன. முதல் இரண்டைக் கூட்டி மூன்றாவதைக் கழியுங்கள்: 118.7. லாகார்டியா விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் பேசும் அலைவரிசை அது! தரையிறங்க அனுமதி கேட்கும் விமானியின் குரல் வர வேண்டிய இடத்தில் பாட்டும் விளம்பரமும் கலந்த கரகரப்பு வரும்.

இந்தப் பேய்ச் சிக்னலைக் கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று உண்டு. நல்ல ஸ்கேனர்களில் அட்டெனுவேட்டர் பொத்தான் இருக்கும். வரும் சிக்னலை எல்லாம் ஒரே அளவில் குறைக்கும். 10 டெசிபல் குறைத்தால் நிஜமான சிக்னல் 10 டெசிபல்தான் குறையும். மூன்று அலைகள் சேர்ந்து பிறந்த பேயோ 30 டெசிபல் இறங்கும். பொத்தானை அமுக்கியதும் சத்தம் துடைத்தாற்போல் போய்விட்டால், அது வெளியிலிருந்து வந்ததே இல்லை.

இதில் ஒரு சரித்திர வேடிக்கையும் இருக்கிறது. பெரும்பாலான ஸ்கேனர்களின் அடிப்படையான சூப்பர்ஹெட்ரோடைன் சுற்றை 1918இல் உருவாக்கியவர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங். பண்பலையை உருவாக்கியவரும் அவரே. 1934இல் அதைச் சோதித்துப் பார்த்தது இதே எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலிருந்து. கேட்பவர், தொல்லை தருபவர் இருவருக்கும் தகப்பன் ஒருவரே.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? வலிய சிக்னலைத் தாங்கும் திறனை. அதைக் காட்டும் மூன்றாம்படி இடைமறிப்புப் புள்ளி என்ற அளவை வெளியிடும் நிறுவனங்கள் குறைவு. கொடுத்திருந்தால் கூடுதலாக உள்ளதை எடுங்கள். அட்டெனுவேட்டரை அலைவரிசை வாரியாகப் போட முடிகிறதா, ஆன்டெனாவைக் கழற்றி மாற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். யூனிடனின் எஸ்.டி.எஸ்.100 போன்றவற்றில் உள்ளிருக்கும் ஃபில்டரையே நாம் மாற்றிக்கொள்ளலாம்.

கணினியில் செருகும் மலிவான ஆர்.டி.எல்-எஸ்.டி.ஆர் டாங்கிளை எனக்குப் பிடிக்கும். டிவி பார்க்கச் செய்த சில்லை ரேடியோவாக்கியது அழகான குறும்பு. ஆனால் அலையை எண்களாக்கும் அதன் எண்மாற்றி 8 பிட். பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல் என்றால், வலியதையும் மெல்லியதையும் ஒருசேரப் பிடிக்க 48 டெசிபல் இடைவெளிதான் கைக்கு வருகிறது. மென்பொருள் கொஞ்சம் கூட்டித் தரும். 120 டெசிபலுக்கு முன்னால் அது போதாது. 12 பிட் ஏர்ஸ்பை, 14 பிட் எஸ்.டி.ஆர்.பிளே கருவிகளுக்குத் தாங்குசக்தி அதிகம்.

என்னைக் கேட்டால், விலை உயர்ந்த கருவிக்கு முன் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை தடுக்கும் பண்பலை ஃபில்டர் ஒன்றை வாங்குங்கள். தீப்பெட்டி அளவுதான். ஆன்டெனாவுக்கும் ஸ்கேனருக்கும் நடுவே திருகிவிட வேண்டும். கலப்பு உள்ளே நடந்து முடிந்த பிறகு எந்த ஃபில்டரும் பிரித்தெடுக்காது. கூடவே, மொட்டை மாடியில் பெருக்கி வைத்த ஆன்டெனாவைப் பொருத்தும் ஆசையை விட்டுவிடுங்கள். இந்த இடத்தில் குட்டை ஆன்டெனாவே பல நேரம் நன்றாகக் கேட்கும்.

ஃபில்டர் 108இல் கத்தி வைத்தாற்போல் நிற்காது. 118க்கு மேல் உள்ள விமானப் பேச்சு பெரும்பாலும் தப்பிக்கும். 108ஐ ஒட்டியுள்ள விமான வழிகாட்டிச் சிக்னல்கள் அடிபடும். எதிரே இருப்பது பேஜர் கோபுரமோ டிவி கோபுரமோ என்றால் இந்த ஃபில்டரால் பிரயோசனமில்லை, வேறு வாங்க வேண்டும். எந்தக் கோபுரத்தில் எந்த நிலையம், எவ்வளவு திறன் என்பதை அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி இணையத்தில் வைத்திருக்கிறது. காசு கொடுக்கும் முன் அதைப் பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்கலாம்.