வீடில்லாச் சம்சாரிகள்

திருவிடைமருதூர்த் திருக்கோயிலின் கீழைக்கோபுர வாயிலிலே பட்டினத்தடிகளும், மேலைக்கோபுர வாயிலிலே அவர்தம் மாணாக்கராகிய பத்திரகிரியாரும் அமர்ந்திருந்தனர் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் கதை. பத்திரகிரியார் முடிதுறந்த மன்னர். அவரிடத்தே எஞ்சியிருந்தவை இரண்டே இரண்டு. ஒன்று, பிச்சை ஏற்கும் ஓடு. மற்றையது, அவர் உண்டு மிஞ்சியதை உண்டு அவர் காலடியிலே கிடந்த ஒரு நாய். ஒருநாள் கீழைவாயிலில் வந்து இரந்து நின்ற ஏழை ஒருவனை நோக்கி, தம்மிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்றும், மேலைவாயிலிலே ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் போய்க் கேட்கலாம் என்றும் அடிகள் சொல்லியனுப்பினாராம். அச்சொல் காதில் விழுந்ததும் பத்திரகிரியார் ஓட்டைத் தூக்கி எறிந்தார். அது நாயின் தலையிற் பட்டது, நாய் இறந்தது.

துறவின் பெருமையை உணர்த்தவே பெரியோர் இக்கதையைச் சொல்வர். ஆனால், சிறு வயது முதலாக இதனைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் குருவிடமும் போனதில்லை, சீடரிடமும் போனதில்லை. அந்த நாயிடத்தே போய் நின்றுவிடும். நாயை விட்டு அகல மனமின்றி நின்றதனாலோ என்னவோ, கதையின் உள்ளே கிடக்கும் வேறோர் உண்மையும் எனக்குப் புலனாயிற்று. நாடும் நகரமும், மனையும் மக்களும், எல்லாம் போன பின்னரும் ஒருவனைச் சம்சாரி ஆக்குவதற்கு ஒரு நாய் போதும் என்பதே அது. அடிகள் அதனைக் குற்றமாகக் கண்டார். விரும்பித் துறந்தவனுக்கு அது குற்றமாகலாம். விரும்பாமலே யாவற்றையும் இழந்து வீதிக்கு வந்தவனுக்கு அஃது என்னவாகும்?

இக்கேள்வி இன்று பழங்கதையன்று. இலண்டன் மாநகரின் நிலக்கீழ்ப் புகையிரத நிலைய வாயில்களிலும், கலிபோணியாவின் பெருநகர நடைபாதைகளிலும், கம்பளித் துண்டொன்றைச் சுற்றிக்கொண்டு கிடக்கும் மனிதனின் பக்கத்திலே பல வேளைகளில் ஒரு நாயும் சுருண்டு கிடக்கிறது. அதைக் கண்டு போகின்றவர்களின் வாயிலே வரும் வார்த்தை எங்கும் ஒன்றுதான்: தன் வயிற்றுக்கே வழியில்லாதவனுக்கு நாய் எதற்கு?

இதற்கு உலகறிந்த விடை ஒன்று, செம்மஞ்சள் நிறப் பூனை ஒன்றின் உருவிலே வந்தது. ஜேம்ஸ் போவென் என்பவர் இலண்டன் வீதிகளிலும் விடுதிகளிலும் பல ஆண்டுகள் அலைந்து, ஹெரோயின் பழக்கத்துக்கு அடிமையாகி, பின்பு மெதடோன் என்னும் மாற்று மருந்தின் துணையால் அதிலிருந்து மீளப் போராடிக்கொண்டிருந்தவர். 2007ஆம் ஆண்டு வசந்த காலத்திலே, டொட்டன்ஹாம் பகுதியில் உதவித்திட்டமொன்றின் வழியாக அவருக்குக் கிடைத்திருந்த குடியிருப்பிலே, காலிற் புண்ணோடு ஒரு பூனை வந்து கிடந்தது. உரியவர் என்று எவரும் வரவில்லை. போவென் அதைப் பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தாரின் வைத்தியசாலைக்குத் தூக்கிச் சென்றார். கையிலிருந்த சொற்பப் பணத்தை மருந்துக்குக் கொடுத்தார். புண் ஆறியதும் பூனையை அதன் வழியே விட்டுவிடலாம் என்பது அவர் எண்ணம். பூனையின் எண்ணம் வேறாக இருந்தது. கிற்றாரைத் தூக்கிக்கொண்டு கொவென்ற் கார்டன் பகுதியிலே பாடிப் பிழைக்கப் புறப்பட்டவரின் பின்னாலேயே வந்து, 73ஆம் இலக்க பஸ்வண்டியிலும் ஏறிவிட்டது.

அதன்பின் நிகழ்ந்ததைப் போவென் தம் நூலிலே விரித்துரைத்துள்ளார். அதுவரை அவர் பாடிய தெருவிலே ஆயிரமாயிரம் பேர் போயினர். அவரை ஒருவரும் பார்த்ததில்லை. தோளிலே பூனை ஏறிய நாள் முதல் மக்கள் நின்றனர், பெயர் கேட்டனர், பேசினர். வீதியிலே கிடப்பவனுக்குப் பசியைவிடக் கொடியது ஒன்று உண்டு. தான் கண்ணுக்குத் தெரியாதவனாகிவிட்டோம் என்ற எண்ணமே அது. 'பொப்' என்னும் அந்தப் பூனை அவரை மற்றவர் கண்ணுக்குத் தெரியும்படி செய்தது. பூனையை விலைக்குக் கேட்டு வந்தவர்களும் இருந்தனர். பெற்ற பிள்ளையை எவரேனும் விற்பதுண்டா என்பதே அவர்களுக்கு அவர் கொடுத்த விடை. பின்னர் இஸ்லிங்ரன் பகுதியிலே, வீடற்றோர் விற்றுப் பிழைப்பதற்கென 1991இல் தொடங்கப்பட்ட 'பிக் இஷ்யூ' சஞ்சிகையை விற்றார். மெதடோனையும் விட்டொழித்தார். பொப்பைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஆகவே தம்மையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. 2012இல் வெளிவந்த நூல் பல மொழிகளிலே பெயர்க்கப்பட்டது, 2016இல் திரைப்படமாயிற்று, அப்படத்தின் பல காட்சிகளிலே பொப் தானாகவே நடித்தது. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் அது இறந்தது. மறு ஆண்டு இஸ்லிங்ரன் பூங்காவொன்றிலே அதற்குச் சிலையும் வைத்தார்கள்.

அழகான கதைதான். ஆனால், இவ்வகைக் கதைகளிலே ஓர் ஆபத்து உண்டு. எல்லா வீடற்றோரும் ஒரு பூனையைத் தூக்கித் தோளிலே வைத்துக்கொண்டால் உய்ந்துவிடுவர் என்று நாம் மனநிறைவோடு புத்தகத்தை மூடி வைத்துவிடக்கூடும். போவெனிடம் பூனை வந்து சேர்ந்தபோது அவருக்கு ஒரு கதவும் அதற்கொரு திறப்பும் இருந்தன என்பதை மறத்தலாகாது. திறப்பு இல்லாதவனின் கதை வேறு.

அவனுக்கு இரவு விடுதி உண்டு, அறநிலையங்கள் நடத்துகின்றன. பனி கொட்டும் இரவிலே அவன் விடுதி வாயிலுக்கு வருகிறான். கட்டிலும் சூடான கஞ்சியும் உள்ளே இருக்கின்றன. நாய் மட்டும் உள்ளே வரக்கூடாது என்கிறது விதி. விதி வகுத்தவர்களையும் முற்றாகக் குறை சொல்வதற்கில்லை. ஐம்பது பேர் படுக்கும் மண்டபத்திலே நாய்க்கு அஞ்சுவோர் உளர். நாய்மயிர் பட்டால் மூச்சுத் திணறுவோர் உளர். ஒரு நாய் மற்றொன்றைக் கடித்தால் யார் பொறுப்பு? யாவும் நியாயமே. ஆயினும் அந்த விதி அம்மனிதனிடம் கேட்பது என்ன? மேலைவாயிலிலே பத்திரகிரியார் செய்ததை நீயும் செய். நாயை விட்டெறிந்துவிட்டு வா என்பதே. பத்திரகிரியாருக்கு அதற்கு ஈடாக முத்தி கிடைத்தது. இவனுக்குக் கிடைப்பது ஓர் இரவுக் கட்டில். விடிந்தால் அதுவும் இல்லை.

ஆதலின் அவன் திரும்பிப் போகிறான். இது கற்பனையன்று. கலிபோணியாவின் சக்கிரமென்ரோ நகரிலே, வீடற்றோரின் பிராணிகளுக்கென நடைபெற்ற வைத்தியசாலைக்கு வந்தவர்களை ஆராய்ந்து 1995இல் வெளியிடப்பட்ட கட்டுரையொன்று உண்டு. பிராணியை ஏற்காத வீடு எங்களுக்கு வேண்டாம் என்று அதிலே ஆணும் பெண்ணுமாகப் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டோர் சொல்லியிருந்தனர். விடுதி மட்டுமா? நோய் வந்தால் ஆஸ்பத்திரியிலே படுப்பதற்கும் அஞ்சுகின்றனர். நாயை யார் பார்ப்பது? பொலிசார் பிடித்துச் சென்றால், திரும்பி வருமுன் நாய் எந்தப் பட்டிக்குப் போயிருக்குமோ? வீடுள்ள நாம் இதை மூடத்தனம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். குழந்தையை வாயிலிலே விட்டுவிட்டு உள்ளே வா என்றால் நம்முள் எத்தனை பேர் போவோம்?

குழந்தையும் நாயும் ஒன்றா என்று கேட்பவர்க்கு, கொலறாடோப் பல்கலைக்கழகத்துச் சமூகவியலறிஞர் லெஸ்லி ஏர்வின் என்னும் அம்மையாரின் நூலைக் காட்டுவேன். வீதியிலே பிராணிகளோடு வாழ்வோரைத் தேடிச் சென்று, அவர்கள் வாய்மொழிகளைத் திரட்டி, 2013இல் அவர் அந்நூலை வெளியிட்டார். 'எப்போதும் என் நாயே முதலில் உண்ணும்' என்பது அதன் பெயரின் பொருள். வழிப்போக்கர்கள் தங்களை ஏசுவதையும், நாயைத் தங்களுக்குத் தந்துவிடும்படி கேட்பதையும் அம்மக்கள் அவரிடம் எடுத்துரைத்தனர். அவர்கள் சொன்ன மறுமொழிகளுள் ஒன்று என் உள்ளத்தைத் தைத்தது. வீடுள்ளவர்கள் விடியலில் கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகின்றனர். அவர்களின் நாய் பகல் முழுவதும் தனியே கிடக்கிறது. எங்கள் நாயோ இருபத்துநான்கு மணி நேரமும் எங்களோடேயே இருக்கிறது. அவ்விரண்டில் எது பாக்கியம் செய்தது? இது வெறும் வாய்ச்சாலகம் அன்று. கேம்பிறிட்ஜ் ஆராய்ச்சியாளர் இருவர் வீடற்றோரின் நாய்களையும் வீடுள்ளோரின் நாய்களையும் ஒப்புநோக்கி 2016இல் எழுதினர். வீதி நாய்களிடையே ஊதிப் பெருத்தவை குறைவு. பிரிவாற்றாமையால் ஊளையிட்டுத் திரிபவையும் குறைவு என்று கண்டனர்.

இவ்வளவும் சொல்லியபின் மற்றதையும் சொல்லவேண்டும். வீதி நாய்க்கும் குளிர் குளிர்தான். போதையிலே கிடப்பவனின் நாய் பட்டினி கிடப்பதும் உண்டு. நாயைக் காட்டிக் காசு கேட்போரும் உண்டு. ஆனால் பிள்ளையை வருத்தும் தந்தை சிலர் இருப்பதற்காகத் தந்தையர் யாவரிடமிருந்தும் பிள்ளைகளைப் பறித்துவிடுதல் முறையாகாது.

அரசாங்கங்களுக்கு இது விளங்காத காரியமும் அன்று. 2005இல் 'கற்றினா' என்னும் பெரும்புயல் நியூ ஓர்லியன்ஸ் நகரை வெள்ளத்தில் ஆழ்த்தியபோது, நாயையும் பூனையையும் விட்டு வரமாட்டோம் என்று பலர் படகேற மறுத்தனர். மறு ஆண்டே அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. அனர்த்த காலத் திட்டங்கள் வளர்ப்புப் பிராணிகளையும் கருத்திற் கொள்ளவேண்டும் என்பது அதன் சாரம். வெள்ளத்திலே ஒரே நாளில் வீட்டை இழந்தவனின் நாய் அன்று குடும்பத்தைச் சேர்ந்ததாயிற்று. வாடகை ஏறி ஏறிச் சிறுகச் சிறுக வீட்டை இழந்தவனின் நாய் மட்டும் வேண்டாத சுமையாகவே நின்றது. கலிபோணிய அரசு 2019இல் ஐம்பது இலட்சம் டொலர் ஒதுக்கி, பிராணிகளோடு வருவோரையும் ஏற்கும்படி விடுதிகளுக்கு உதவ முன்வந்தது. அப்பணத்திலே கூடு வாங்கலாம், தீனி வாங்கலாம், மருத்துவம் செய்யலாம். பெரிய செலவொன்றும் இல்லை. வாயிலிலே நிற்பவரின் மனம் மாறுவதே பெரிய வேலை.

பிரித்தானியாவிலே மிருக வைத்தியர் சிலர் வாயிலில் காத்திராமல் வீதிக்கே இறங்கினர். ஜேட் ஸ்ரற், சாம் ஜோசப் என்னும் இருவர் 2016இல் தொடங்கிய 'ஸ்ரீற்வெற்' என்னும் அமைப்பின் தொண்டர்கள், முதுகுப்பையிலே மருந்துகளைச் சுமந்துகொண்டு இரவிலே நடைபாதை நடைபாதையாகச் செல்கின்றனர். ஊசி போடுகின்றனர், பூச்சி மருந்து கொடுக்கின்றனர், பெரிய நோயென்றால் சத்திரசிகிச்சைக்கும் ஏற்பாடு செய்கின்றனர். தனக்கு வைத்தியம் வேண்டாம் என்று முகம் திருப்பும் மனிதனும், நாயின் காதைப் பார்க்கட்டுமா என்றால் நிமிர்ந்து உட்காருகிறான். நாயோடு வருவோரை ஏற்கும்படி விடுதிகளைப் பழக்கும் வேலையையும் அவர்கள் மேற்கொண்டுள்ளனர்.

இலக்கிய அன்பர்கள் இதனைப் படிக்கும்போது இத்தாலியப் படமொன்று நினைவுக்கு வந்திருக்கும். விற்றோரியோ டி சிக்கா 1952இல் அளித்த 'உம்பேர்ட்டோ டி'யையே சொல்கிறேன். கதாநாயகர் இளைப்பாறிய அரசாங்க உத்தியோகத்தர். பென்சன் பணம் வாடகைக்குப் போதாது. வீட்டுக்காரி வெளியே போகச் சொல்கிறாள். துணைக்கு இருப்பது 'பிளைக்' என்னும் சிறுநாய் ஒன்றே. அந்த வேடத்திலே நடித்தவர் நடிகரே அல்லர். மொழியியற் பேராசிரியர் கார்லோ பற்றிஸ்ரி. நம் ஆசிரிய நண்பர்களுக்கு இது மகிழ்ச்சி தரலாம்.

கிழவர் நோயுற்று ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும்போது நாயைக் காணவில்லை. நகரசபையின் நாய்ப்பட்டிக்கு ஓடுகிறார். அங்கே தம் நாயை மீட்கப் பணம் போதாமல் மலைத்து நிற்கும் ஒரு மனிதனையும் காண்கிறார். பிளைக் கிடைத்துவிடுகிறது, ஆனால் பிழைக்க வழி கிடைக்கவில்லை. ஒருநாள் தெருவோரத்திலே நின்று கையை நீட்டிப் பார்க்கிறார். ஒருவர் காசு போட வருகையிலே, மழை தூறுகிறதா என்று பார்ப்பவர் போலக் கையைப் புரட்டிவிடுகிறார். பின்பு தொப்பியை நாயின் வாயிலே கொடுத்துவிட்டுத் தாம் ஒளிந்துகொள்கிறார். தெரிந்தவர் ஒருவர் வந்துவிடவே, நாய் விளையாடுகிறது என்று சமாளிக்கிறார். நாய் வளர்க்கும் வீட்டிலே பிளைக்கை விட்டுப் பார்க்கிறார், மனம் கேட்கவில்லை. பூங்காவிலே ஒரு சிறுமிக்குக் கொடுக்கப் பார்க்கிறார். உடனிருந்த தாதி மறுக்கிறாள். கடைசியாக நாயை மார்போடு அணைத்துக்கொண்டு தண்டவாளத்தின் அருகே போய் நிற்கிறார். புகையிரதம் வருகிறது. நாய் கத்தித் துள்ளி, அவர் பிடியை உதறிக்கொண்டு ஓடுகிறது. அதைத் துரத்திக்கொண்டு அவரும் ஓடுகிறார், புகையிரதம் போய்விடுகிறது.

பிளைக் அவர் கிட்ட வர மறுக்கிறது; அவர் செய்யத் துணிந்ததை அது அறிந்துகொண்டது. கிழவர் கெஞ்சுகிறார். தரையிலே கிடந்த பைன் மரக்காய் ஒன்றை எடுத்துக் காட்டுகிறார். நாய் தயங்குகிறது, பிறகு மெல்ல வருகிறது, பிறகு துள்ளுகிறது. மரங்களின் நடுவே இருவரும் விளையாடிக்கொண்டே தூரத்திற் போகின்றனர். குழந்தைகள் ஓடி வருகின்றனர். படம் முடிகிறது. அன்றிரவு அவர்கள் எங்கே படுத்தார்கள் என்பதை டி சிக்கா சொல்லவில்லை.