வேளை தவறாது மருந்துண்ணல்

பட்டுப்புழு வளர்க்கும் நம் அங்கத்தினர் எவரும் இலை போடும் வேளையை மறப்பதில்லை. நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை மல்பெரி இலை இட்டாக வேண்டும். தவறினால் கூடு மெலியும், தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் விலை குறையும். அதே அங்கத்தினர் வைத்தியர் தந்த மாத்திரையை வாரத்தில் இரண்டு வேளையாவது மறக்கிறார். புழுவின் பசி கண்ணுக்குத் தெரிகிறது. மாத்திரை தவறியதன் தீங்கு உடனே தெரிவதில்லை.

இவ்விஷயம் நம் மாநிலத்திலேயே ஆராயப்பட்டது. 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய்க்கான ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. அங்கே 193 ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் படுக்கையும் நல்லுணவும் பெற்றனர். மற்றவர் தத்தம் வீட்டிலேயே இருந்தனர். மருந்து இருவர்க்கும் ஒன்றே, ஓராண்டுக் காலம். அதில் பி.ஏ.எஸ். என்னும் மருந்தைக் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். 1959-இல் வெளியான முடிவின்படி சானடோரியத்தில் 92 சதவீதத்தினரும் வீட்டில் 86 சதவீதத்தினரும் நற்பயன் அடைந்தனர். நல்லுணவையும் ஓய்வையும்விட மருந்தே நோயை வென்றது என்பதை உலகம் அன்று அறிந்தது.

ஆனால் மருந்து உட்கொள்ளப்பட்டதா என்பதை அந்நிலையத்தார் வாய்ச்சொல்லால் மட்டும் நம்பவில்லை. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர், சிறுநீரையும் சோதித்தனர். தவறவிடுவோர் பலர் இருந்தனர். ஆகவே நோயாளியைக் கடிந்துகொள்வதைவிட, பிறர் முன்னிலையில் மருந்து உண்ணச் செய்வதே மேலென அவர்கள் கருதினர். இது நமக்கும் ஏற்புடைய கருத்தே. மறதி குற்றமன்று.

இன்று காசநோய்க்குப் பல மருந்துகள் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருகின்றன. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் நாள்தோறும் உண்ண வேண்டும். இரண்டாம் மாதத்திலேயே இருமல் நின்று உடல் தேறும். பலர் மருந்தை விடுவது அப்பொழுதுதான். எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாய் மாறினால், பின் வரும் சிகிச்சை நீண்டதும் கடினமானதுமாகும். மருந்தால் சிறுநீர் செம்மஞ்சளாகக் காணும். அதைக் கண்டு அஞ்சி நிறுத்திவிட வேண்டா.

சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உடையோர்க்கு வேளைகள் இன்னும் மிகுதி. 2004 வரை நம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கிருஷ்ணகிரிப் பகுதியின் சாமனப்பள்ளியில், 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. அதன்வழி மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதை வேளைக்கு உண்பதே எஞ்சிய வேலை.

கடிகாரத்தை நம்புவதைவிட அன்றாட வேலையோடு பிணைத்தலே நலம். தறிக்குழியில் இறங்குமுன் ஒன்று, மாலை விளக்கேற்றிய பின் ஒன்று என வைத்தியரிடமே நேரம் கேட்டு வகுத்துக்கொள்க; எது உணவுக்கு முன், எது பின் என்பதையும் கேட்டறிக. வேளைவாரியாகப் பொட்டலம் கட்டி வைத்தால் விட்டுப்போனது மாலையில் தெரிந்துவிடும். வீட்டில் ஒருவரைக் கண்காணிக்கச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் இதில் வெகு கண்டிப்பானவர்கள். சந்தைக்குச் சென்று இரவு தங்க நேர்ந்தால் ஒரு வேளைக்குரியது மடியில் இருக்கட்டும்.

ஒரு வேளை விட்டுப்போயின், அடுத்த வேளையில் இரண்டையும் சேர்த்து விழுங்குதல் ஆகாது. சர்க்கரை மருந்தில் அது மயக்கத்தில் கொண்டுபோய் விடலாம். விட்டுப்போனதைச் சுகாதார நிலையத்தில் மறைக்காது சொல்லுங்கள். அதற்கேற்ப வைத்தியர் அளவைத் திருத்துவார்.