இலைக்காம்பில் தேன் சுரக்கும் பொன் வாட்டில்

தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் தைலமரக் காடுகளில், உயர்ந்த மரங்களுக்குக் கீழே வளரும் பெரும்புதர் பொன் வாட்டில். மூன்று முதல் எட்டு மீட்டர் உயரம் போகும். சத்துக் குறைந்த வறண்ட மண்ணிலும் தழைக்கும். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. நம் கருவேலத்துக்கு இது உறவு. நீலகிரிக்காரர்கள் சீகை மரம் என்று சொல்லும் வாட்டிலுக்கு இன்னும் நெருங்கிய உறவு. ஆனால் முள் கிடையாது.

முளைத்த புதிதில் பார்த்தால் வேலங்கன்று என்றே நினைப்போம். அதே பொடிப்பொடியான சிற்றிலைகள். செடி வளர வளர அவை வருவது நின்றுவிடும். இலைக்காம்பே தட்டையாக அகன்று, அரிவாள் போல் வளைந்து, இலையின் வேலையைத் தானே செய்யத் தொடங்கும். தாவரவியல் பாடத்தில் இலைத்தொழில் இலைக்காம்பு என்று படித்திருப்போமே, அதுதான் இது. தடித்த தோல் இருப்பதால் வறட்சியைத் தாங்குகிறது.

அங்கே குளிர் விலகும் ஆகஸ்ட், செப்டம்பரில் புதர் முழுக்க மஞ்சள். ஒவ்வொரு சிறு உருண்டையும் பல பத்துப் பூக்களின் கூட்டம். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் மகரந்தத் தாள்கள்தான்.

என்னை வியக்க வைப்பது அடுத்த செய்தி. இந்தப் பூக்களில் தேனே இல்லை! தேன் சுரப்பி அந்தத் தட்டையான காம்பின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. நம் ஊர் வெள்ளைக்கண்ணியின் இனத்துப் பறவைகளும் தேன்குடிப் பறவைகளும் அதை உறிஞ்ச வருகின்றன. அப்போது அருகிலுள்ள பூக்கள் அவற்றின் மேல் உரசி மகரந்தத்தைப் பூசிவிடுகின்றன. தன் மகரந்தத்தால் பெரும்பாலும் காய்க்காத இந்தச் செடிக்கு, புதர்விட்டுப் புதர் பறக்கும் இந்தப் பறவைகள் பெரிய துணை.

விதையோடு ஒட்டிய சதைக்காக எறும்புகள் அதை மண்ணுக்குள் இழுத்துச் செல்லும். கெட்டியான தோலுக்குள் பல ஆண்டுகள் உறங்கும் விதை, காட்டுத்தீயின் சூடு பட்டதும் முளைக்கும்.

ஆஸ்திரேலியா 1988இல் இதைத் தேசிய மலராக அறிவித்தது. 1992 முதல் செப்டம்பர் 1 தேசிய வாட்டில் நாள். அதே செடி தென்னாப்பிரிக்காவில் ஆக்கிரமிப்புக் களை. அங்கே அதைக் கட்டுப்படுத்த ஆஸ்திரேலியாவிலிருந்தே ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது மொட்டுகளில் முட்டையிட, பூக்க வேண்டிய இடத்தில் கழலைகள் வீங்குகின்றன, விதை குறைகிறது.