கடலைத் தேடி திகாவுக்கு

கொல்கத்தாவில் வேலை பார்க்கும் தமிழர்களில் நாகப்பட்டினம், தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு குறை உண்டு. பிழைக்க வந்த ஊரில் கங்கை இருக்கிறது, கடல் இல்லை. கிதிர்பூர் துறைமுகத்தில் கப்பல் நிற்கிறதே என்றால், அது ஆற்றில் ஏறி வந்து நிற்கும் கப்பல். அலைச் சத்தம் கேட்க வேண்டுமானால் ரயில் ஏறித்தான் ஆக வேண்டும்.

அப்படி ரயில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் போய் இறங்கும் ஊர் திகா. வங்காளிகளிடம் "திபுதா" என்று ஒரு வேடிக்கைச் சொல் வழங்குகிறது. திகா, புரி, தார்ஜிலிங் ஆகிய மூன்று ஊர்களின் முதல் எழுத்துக்களைச் சேர்த்தது அது. "தா" என்றால் அண்ணன். "இந்த வருஷம் லீவுக்கு எங்கே?" என்றால், "நமக்கு திபுதாவை விட்டால் வேறு யார்?" என்பார்கள். மூன்றில் செலவு குறைவானது திகாதான். இரண்டு நாள் லீவும் மாதக் கடைசியில் மிச்சமாகிற பணமும் உள்ள குமாஸ்தா குடும்பத்துக்கு ஏற்ற ஊர்.

மேற்கு வங்காளத்தின் தென்கோடியில், ஒரிசா எல்லையை ஒட்டி, கிழக்கு மேதினிப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது திகா. கொல்கத்தாவிலிருந்து சாலை வழியாக சுமார் 185 கி.மீ. ஊர் என்று சொன்னாலும் உண்மையில் இரண்டு ஊர்கள். பழைய திகாவில் மணல் குறைவு. கரை நெடுகக் கருங்கல்லும் செம்பாறையும் போட்டு சிமென்ட் கரை கட்டியிருக்கிறார்கள். புதிய திகாவில்தான் இறங்கிக் குளிக்க மணல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சவுக்குத் தோப்பு. அந்தத் தோப்பில் காற்று புகுந்து வரும் இரைச்சலைக் கேட்கிற தமிழனுக்குச் சொந்த ஊர் ஞாபகம் வராமல் போகாது.

இருபது வருடம் காத்த ரயில்

முன்பெல்லாம் திகாவுக்குப் போவது லேசான காரியமாக இல்லை. ஹவுராவிலிருந்து மெச்சேதா வரையிலோ கரக்பூர் வரையிலோ ரயில், பிறகு பஸ். தம்லுக் - திகா ரயில் பாதைக்கு 1984-85ஆம் வருட ரயில்வே பட்ஜெட்டில் அனுமதி கிடைத்தது. காந்தி வரை ரயில் ஓடியது 2003இல். திகாவுக்கு வந்து சேர்ந்தது 2004 கடைசியில். பட்ஜெட்டில் அனுமதி கிடைத்த வருடம் பிறந்த பிள்ளை, முதல் ரயில் போனபோது மீசை முளைத்து நின்றான்!

காந்தி என்ற பெயரைப் பார்த்து, மகாத்மாவின் பெயரை வைத்த ஊர் என்று நம்மவர்கள் நினைத்து விடுவார்கள். அப்படியல்ல. ஆங்கிலேயர்கள் கான்டாய் என்று எழுதி வந்த பழைய ஊர் அது. கரக்பூருக்குத் தெற்கே பெல்தா ஸ்டேஷனுக்கு ஒரு காலத்தில் "கான்டாய் ரோடு" என்றே பெயர். அங்கே இறங்கினால் காந்திக்கு ஐம்பது கி.மீ.க்கு மேல் போக வேண்டும். பெயரில் ரோடு என்று ஒட்டியிருந்தால் ஊர் பக்கத்தில் இல்லை என்று அர்த்தம் என்பது ரயிலில் போய் வருகிறவர்களுக்குத் தெரியும்.

இப்போது காலையில் ஹவுராவில் தாம்ரலிப்தா எக்ஸ்பிரசில் ஏறினால் சுமார் மூன்றரை மணி நேரத்தில் திகா. பிற்பகலில் காண்டாரி எக்ஸ்பிரஸ் உண்டு. எஸ்பிளனேடிலிருந்து பஸ்களும் புறப்படுகின்றன. ரயிலில் போகிறவர்கள் தம்லுக் வரும்போது ஜன்னல் வழியாக ஒரு முறை எட்டிப் பார்க்கலாம். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லைதான். ஆனால் பழைய தாம்ரலிப்தி துறைமுகம் அதுதான். ஐந்தாம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் பாஹியான் அங்கே இரண்டு வருடம் தங்கி ஏடுகளைப் படியெடுத்து, அங்கிருந்தே கப்பலேறி இலங்கைக்குப் போனார். துறைமுகத்தை ஆற்று மண் மூடிவிட்டது. பெயர் மட்டும் ரயிலில் ஓடிக்கொண்டிருக்கிறது.

துரைமார்கள் கண்ட பீர்குல்

திகா பக்கத்துக்கு முன்னாளில் பீர்குல் என்று பெயர். கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அங்கே ஒரு பங்களா வைத்திருந்தார். லண்டன்காரர்கள் காற்று வாங்கப் போகும் பிரைட்டனைப் போன்ற இடம் என்று 1780இல் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அவர் புகழ்ந்ததாகச் சொல்வார்கள். அதே வருடம் கல்கத்தாவில் தொடங்கிய ஹிக்கியின் பத்திரிகையும் பீர்குல் கடற்கரையைப் பாராட்டியது. நண்டுகளைத் தவிர தொல்லை தரும் ஜந்து எதுவும் அங்கே கிடையாது என்பது அது கொடுத்த சான்று.

பிறகு நூறு வருடத்துக்கு மேல் அந்தக் கரையைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 1923இல் ஜான் பிராங்க் ஸ்னெய்த் என்ற ஆங்கில வியாபாரி வந்து பார்த்தார். மயங்கிப் போனார். அங்கேயே வீடு கட்டிக் குடியேறினார். சுதந்திரத்துக்குப் பின் வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டியபோதும் அவர் போகவில்லை. முதல்வர் டாக்டர் பிதான் சந்திர ராயிடம், இந்த இடத்தை ஜனங்கள் வந்து தங்கும் ஊராக ஆக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். டாக்டர் ராயும் ஒப்புக்கொண்டார். இன்றைய திகா அப்படிப் பிறந்ததுதான். ஸ்னெய்த் 1964இல் இறந்தார். அவருடைய கல்லறை திகாவிலேயே இருக்கிறது. வருகிற ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனை பேர் அதைப் பார்க்கிறார்களோ!

ஹேஸ்டிங்சின் பங்களா என்ன ஆயிற்று? கடல் கொண்டுபோய் விட்டது என்கிறார்கள். இதைக் கட்டுக்கதை என்று தள்ள முடியாது. திகாவின் பெரிய கவலையே இன்று வரை அதுதான்.

கரையைத் தின்னும் கடல்

மெரினாவில் அலை பெரிதாக இருக்கும். ஆனால் கடல் ஏறுவதும் வற்றுவதும் சுமார் ஒரு மீட்டர் அளவுதான். திகாவில் அலை சிறிது. ஏற்றவற்றமோ நான்கு மீட்டர் வரை போகும். வங்கக் கடலின் வடமுனை புனல் போலக் குறுகி, ஆழமும் குறைந்து போவதால் தண்ணீர் மேலே எழும்புகிறது. காலையில் அரை பர்லாங் நடந்து போய்க் கால் நனைத்த இடத்தில், பிற்பகலில் கரைச் சுவர் மீது அலை மோதித் தெறிக்கும். முதல் தடவை வருகிறவர்களுக்கு இது ஒரே கடல்தானா என்று சந்தேகம் வந்துவிடும்.

மணல்மேடுகள் இருந்தவரை கடல் அடித்த அடியை அவை வாங்கிக்கொண்டன. ஓட்டல்கள் வந்தன, மேடுகள் போயின. பழைய திகாவில் கல் கரை போட்டுத் தடுத்தார்கள். சுவரில் மோதித் திரும்பும் அலை சுவருக்கு முன்னால் இருக்கும் மணலைச் சுரண்டுகிறது. சுவர் முடிகிற இடத்தில் பக்கத்துக் கிராமத்தின் கரையை அரிக்கிறது. கிழக்கே சங்கர்பூர், தாஜ்பூர் பக்கம் போனால் வேர் வெளியே தெரியச் சாய்ந்து கிடக்கும் சவுக்கு மரங்களைப் பார்க்கலாம்.

2021 மே 26ஆம் தேதி யாஸ் புயல் ஒரிசாவின் பாலசோர் பக்கம் கரை கடந்தது. அன்று பௌர்ணமி. புயல் தள்ளிய தண்ணீரும் பௌர்ணமி ஏற்றமும் ஒன்று சேர்ந்து சுவரைத் தாண்டி ஊருக்குள் வந்தன. கடலோரத்துக் கடைகள் நொறுங்கின. சங்குமாலை, சிப்பிப் பொம்மை விற்றுப் பிழைத்தவர்கள் ஒரே நாளில் முதலை இழந்தார்கள். கடை என்றால் நாலு மூங்கிலும் ஒரு தார்ப்பாயும்தான்; ஆனாலும் கடனுக்கு எடுத்த சரக்கு அதற்குள்தானே இருந்தது.

நம்மவர்கள் அவசியம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. கடல் நீராடுவதற்கு நாம் தேடிப் போகும் நாட்கள் ஆடி அமாவாசையும் மாசி மகமும். ஒன்று அமாவாசை, மற்றது பௌர்ணமியை ஒட்டியது. திகாவில் தண்ணீர் மிக உயரமாக ஏறுவதும் வேகமாக இழுப்பதும் அதே நாட்களில்தான். ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்றும் சேர்ந்து கொள்ளும். ராமேஸ்வரத்தில் முழுக்குப் போட்ட தைரியத்தை வைத்துக்கொண்டு இங்கே இறங்கக் கூடாது. கடல் வற்றும் நேரத்தில் இழுப்பு அதிகம். கல் கரைப் பக்கம் பாசி வழுக்கும். விழுந்தால் அலை தூக்கிக் கல்லில் மோதும். கரையில் காவலுக்கு நிற்கும் "நுலியா"க்கள் ஊதல் ஊதினால் கரையேறிவிட வேண்டும். நுலியா என்பது புரியிலிருந்து வந்த சொல். அங்கே அந்தப் பெயருள்ள மீனவர்கள் தெலுங்கு பேசும் தெற்கத்தி ஜனங்கள். குடித்துவிட்டுக் கடலில் இறங்குகிறவர்களைப் பற்றி எழுதி என்ன பயன்? ஒவ்வொரு வருடமும் செய்தி வருகிறது.

மீனும் முந்திரியும்

திகாவின் உண்மையான முகத்தைப் பார்க்க விடியற்காலையில் எழுந்து மோகனாவுக்குப் போக வேண்டும். சம்பா ஆறு கடலில் கலக்கும் இடம் அது. படகுகள் வந்து சேர, மீன் ஏலம் நடக்கும். வங்காளிகள் உயிரை விடும் இலிஷ், நம் ஊர் உல்லம்தான். வாவல், இறால், நண்டு எல்லாம் கூடை கூடையாகப் போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையிலும் இதே தேதிகள்தான். அந்த நாட்களில் கடற்கரைக் கடையில் "இப்போது பிடித்த கடல் மீன்" என்று பொரித்துக் கொடுத்தால், அது பனிக்கட்டியில் எத்தனை நாள் இருந்தது என்று விற்பவனுக்கே தெரியாது. மற்ற நாட்களிலும் மீனை எடை போட்டு விலை பேசிய பிறகே எண்ணெயில் போடச் சொல்ல வேண்டும். பொரித்த பிறகு பேரம் இல்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் "நிரமிஷ்" என்று கேட்டால் சோறும் பருப்பும் ஆலு போஸ்தோவும் கிடைக்கும். தோசை விற்கும் கடைகளும் இருக்கின்றன. சாம்பாரைப் பற்றி மட்டும் விசாரிக்க வேண்டாம்.

காந்தி, ராம்நகர் வட்டாரம் முந்திரிக்குப் பெயர் போனது. பண்ருட்டிக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் திகாவுக்கு வந்த வங்காளி ஒரு பொட்டலம் முந்திரி வாங்காமல் திரும்ப மாட்டார். உடைந்த பருப்பு மலிவு. பாயசத்துக்கு அது போதும்.

ரிக்ஷா தூரத்தில் மாநில எல்லையைத் தாண்டினால் ஒரிசாவில் சந்தனேஸ்வர் சிவன் கோயில். நாம் சித்திரை முதல் தேதி கொண்டாடும் சமயத்தில் அங்கே பெரிய திருவிழா. திகாவிலேயே 2025 ஏப்ரல் 30ஆம் தேதி, அட்சய திருதியை அன்று, புரி கோயிலின் மாதிரியில் கட்டிய ஜகந்நாதர் கோயிலை முதல்வர் மம்தா பானர்ஜி திறந்து வைத்தார். ராஜஸ்தான் கல்லில் கட்டிய கோபுரம். உயரம் சுமார் 65 மீட்டர். அதற்கு "தாம்" என்று பெயர் சூட்டியதை ஒரிசாக்காரர்கள் எதிர்த்தார்கள். அந்த வழக்கு எப்படியோ போகட்டும். கோயில் வந்ததிலிருந்து கூட்டம் ஏறியது; கூட்டம் ஏறினால் அறை வாடகையும் ஏறும்.

குடியேறலாமா?

சனி, ஞாயிறு, பூஜை விடுமுறை, கிறிஸ்துமஸ் வாரம் ஆகியவற்றை விட்டு, செவ்வாய், புதன் போல் போனால் அதே அறை பாதி விலைக்குப் பேசி வாங்கலாம். ஸ்டேஷன் வாசலில் தரகர்கள் மொய்ப்பார்கள். அவர்களோடு போகாமல் நாலு விடுதி ஏறி இறங்கினால் பணம் மிச்சம். அறையைப் பார்த்து, குழாயைத் திருகித் தண்ணீர் வருகிறதா என்று சோதித்த பிறகு அட்வான்ஸ் கொடுப்பது நல்லது. குடும்பத்தில் எல்லோருடைய அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும்.

ரிடையர் ஆன பிறகு அங்கேயே ஒரு சின்ன வீடு வாங்கிக்கொண்டு இருந்து விடலாமா என்று லேக் மார்க்கெட் பக்கத்தில் யோசிக்கிறவர்கள் உண்டு. பென்ஷனில் காலம் தள்ளலாம். காற்று நல்ல காற்று. ஆனால் அந்தக் காற்றில் உப்பு இருக்கிறது. ஜன்னல் கம்பி, மின்விசிறி, சைக்கிள் எதுவும் இரண்டு மழைக்காலத்துக்கு மேல் துருப்பிடிக்காமல் நிற்பதில்லை. அரசு ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. பெரிய வியாதி என்றால் காந்திக்கோ கொல்கத்தாவுக்கோ ஓட வேண்டும். மழைக்காலத்து வார நாட்களில் கடைத்தெருவில் நாய்களும் பசுக்களுமே மிஞ்சும். பேசத் தமிழ் ஆள் கிடைப்பதும் சந்தேகம்.

வீடு வாங்குகிறவர்கள் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன் கடலுக்கும் மனைக்கும் உள்ள தூரத்தைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் மந்தார்மணியில், கடலோர விதிகளை மீறிக் கட்டியதாகச் சுமார் 140 விடுதிகளை இடிக்கும்படி 2024 நவம்பரில் மாவட்ட நிர்வாகம் உத்தரவிட்டது. ஹைகோர்ட் அதை நிறுத்தி வைத்தது. விடுதி முதலாளிகளுக்கு வக்கீல் வைக்கப் பணம் இருந்தது. பி.எப். பணத்தைப் போட்டு வீடு வாங்குகிற குமாஸ்தாவால் அது முடியுமா?

இரண்டு நாள் போய் வருவதற்கோ இதெல்லாம் தடையில்லை. மார்கழி, தை மாதங்கள் மிகவும் நல்லவை. கரை தெற்கே பார்த்தது. பனிக்காலத்தில் சூரியன் இடது கைப் பக்கம் கடலில் எழுந்து, மாலையில் வலது கைப் பக்கம் கரை ஓரமாகப் போய் மறையும். திரும்பும் டிக்கெட்டை மட்டும் போகும்போதே எடுத்துவிட வேண்டும். ஞாயிறு மாலை ரயிலில் நிற்கவும் இடம் இருக்காது. கருவாடு வாங்குகிறவர்கள் இரண்டு பாலிதீன் பை போட்டு, மேலே ஒரு பழைய செய்தித்தாளையும் சுற்றிக் கட்டுவது உத்தமம். ஹவுரா வரை மூன்றரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவரும் மனிதர்தானே!